சம்பளச் சீட்டின் மூன்றாவது வரி: கம்யூனிட்டி செஸ்ட்டின் ஷேர் திட்டம், ஓர் அரசு ஊழியரின் மதிப்புரை

என் சம்பளச் சீட்டில் பிடித்தங்கள் என்ற தலைப்பின் கீழ் மூன்று வரிகள் இருக்கின்றன. முதல் வரி மத்திய சேம நிதி. அது எல்லாருக்கும் உள்ளது, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. இரண்டாவது வரி சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், 9 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மூன்றாவது வரி கம்யூனிட்டி செஸ்ட் என்ற நன்கொடை அமைப்புக்குப் போகும் ஷேர், 20 வெள்ளி. முதல் இரண்டும் நான் கேட்காமலேயே வந்தவை. மூன்றாவது மட்டும் நான் ஒரு படிவத்தில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டதால் வந்தது. சிங்கப்பூரில் சாப்பாட்டுக் கடைகளையும் கைப்பேசிகளையும் மதிப்பிட்டு எழுதுவோருக்குக் குறைவில்லை. மாதந்தோறும் சம்பளத்திலிருந்து போகும் நன்கொடையையும் ஒரு சேவையாகக் கொண்டு, காசு கொடுக்கும் வாடிக்கையாளரின் கண்ணால் அதை எடைபோட்டு யாரும் எழுதி நான் படித்ததில்லை. ஆண்டு இறுதி நெருங்கி, பொதுத்துறை அலுவலகங்களில் நன்கொடைப் படிவங்கள் மேசை மேசையாக வரத் தொடங்கும் நேரத்தில், அந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் சக ஊழியர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

கம்யூனிட்டி செஸ்ட் 1983-இல் தொடங்கப்பட்டது. இப்போது தேசிய சமூக சேவை மன்றத்தின் கீழ் இயங்கும் இந்த அமைப்பின் அடிப்படை எண்ணம் எளிமையானது: ஒவ்வோர் இல்லமும் ஒவ்வொரு சிறப்புப் பள்ளியும் தனித்தனியே காசு திரட்ட அலையாமல், ஒரே இடத்தில் திரட்டி எல்லாருக்கும் பிரித்துக் கொடுப்பது. அந்தத் தொடக்க காலத்தில் அதை வழிநடத்தியவர், சிங்கப்பூர் அறப்பணிகளின் தந்தை என்று அழைக்கப்பட்ட டாக்டர் ஈ பெங் லியாங். ஊழியர்களிடமிருந்து மாதந்தோறும் சம்பளப் பிடித்தமாகத் திரட்டும் ஷேர் திட்டமும் எண்பதுகளிலேயே வந்துவிட்டது. ஊழியர்கள் திரட்டித் தரும் சமூக உதவி என்ற பொருள்பட அமைந்த ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே அந்தப் பெயர். இன்று உடற்குறையுள்ளோர், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள், தடுமாறும் இளையர், மனநலப் பாதிப்புற்றோர், சிரமத்தில் உள்ள குடும்பங்கள், துணையற்ற முதியோர் ஆகியோருக்காக உழைக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட சமூக சேவை அமைப்புகளுக்கு இந்தப் பணம் போகிறது.

இதன் அருமையை உணரச் சனிக்கிழமை காலை எந்த எம்ஆர்டி ரயில் நிலைய வாசலுக்கும் போய் நின்றால் போதும். கொடி நாள் என்ற பெயரில் பள்ளி மாணவர்கள் தகர உண்டியலைக் குலுக்கிக்கொண்டு நிற்பார்கள். நாம் சில்லறை போட்டால் சட்டையில் ஒரு ஒட்டுவில்லையை ஒட்டிவிடுவார்கள். அந்த ஒட்டுவில்லையின் உண்மையான பயன், அடுத்த வாசலில் நிற்கும் பிள்ளை நம்மை விட்டுவிடுவான் என்பதுதான். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை; ஆனால் ஓர் இல்லத்தை நடத்துபவர் தம் ஊழியர்களுக்கு அடுத்த ஆண்டும் சம்பளம் கொடுக்க முடியுமா என்பதை நம் சட்டைப்பையில் அன்றைக்கு இருக்கும் சில்லறையை நம்பி முடிவு செய்ய இயலாது. மாதம் தவறாமல் வரும் சிறு தொகை, ஒருமுறை வரும் பெருந்தொகையைவிட அவருக்கு உதவுவது அதனால்தான். மாதச் சம்பளக்காரர்களான நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சேவை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தொகையை நாமே முடிவு செய்கிறோம். சம்பளப் பிரிவு அதை மாதாமாதம் பிடித்து அனுப்பிவிடுகிறது. ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டியதில்லை; நம் அடையாள அட்டை எண்ணின்கீழ் நன்கொடை பதிவாவதால், ஆண்டு முடிந்ததும் அந்தத் தொகை வருமான வரிக் கணக்கில் தானாகவே வந்து உட்கார்ந்துவிடும். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் என்னுடன் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததே இல்லை.

தகுதிபெற்ற நன்கொடைகளுக்கான வரிக் கழிவு 2016 முதல் 250 விழுக்காடாக இருந்து வருகிறது. நாடு பொன்விழா கொண்டாடிய 2015-இல் அது 300 விழுக்காடாகவும் இருந்தது. மாதம் 20 வெள்ளி கொடுத்தால் ஆண்டுக்கு 240 வெள்ளி. அதன் இரண்டரை மடங்கு, அதாவது 600 வெள்ளி, வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கப்படும். வரிக்குரிய வருமானம் 40,000 வெள்ளிக்கும் 80,000 வெள்ளிக்கும் இடையில் இருப்பவருக்கு அந்தப் பகுதியின் வரி விகிதம் 7 விழுக்காடு. ஆகவே அவருக்கு 42 வெள்ளி மிச்சம். கையை விட்டு உண்மையில் போவது ஆண்டுக்கு 198 வெள்ளி, மாதத்துக்குப் பதினாறரை வெள்ளி. அதற்கு மேலே 1,20,000 வெள்ளி வரையிலான படியில் இருப்பவருக்கு விகிதம் 11.5 விழுக்காடு, அவருக்கு 69 வெள்ளி மிச்சமாகும். வரியே கட்ட வேண்டாத இளம் ஊழியருக்கு இதனால் அந்த ஆண்டில் பயனில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வரிச் சலுகைக்காகக் கொடுப்பது கொடையா என்று கேட்பவர்கள் உண்டு. முதியோர் இல்லத்தின் சமையல்கட்டில் வேகும் அரிசிக்கு அந்தக் கேள்வி தெரியாது.

கம்யூனிட்டி செஸ்ட் சொல்லும் இன்னொரு செய்தி, கொடுக்கும் காசு முழுவதும் உதவிபெறும் அமைப்புகளுக்கே போகிறது என்பது. முதன்முதலாக இதைக் கேட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. நிதி திரட்டச் செலவே இல்லாமல் எப்படி? அந்தச் செலவை, லாட்டரி நடத்தும் சிங்கப்பூர் பூல்ஸும் அந்த உபரியைப் பொதுநலனுக்கு வழங்கும் டோட் போர்டும் ஏற்றுக்கொள்கின்றன என்பதே விடை. அதாவது ஃபோர் டி லாட்டரிக் கடை வாசலில் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்று, பேரப்பிள்ளையின் பிறந்த நாளையும் பேருந்து எண்ணையும் சேர்த்து ஒரு நாலிலக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும் பெரியவர்தான், என் 20 வெள்ளி குறையாமல் போய்ச் சேரும் தபால் செலவைக் கட்டுகிறார். நம் ஊரின் சில ஏற்பாடுகள் இப்படித்தான், வியப்பதா சிரிப்பதா என்று தெரியாது; வாடிக்கையாளனாகச் சொன்னால், இது எனக்குச் சாதகமான ஏற்பாடு.

இப்போது சிண்டாவுக்கு வருகிறேன். படிவத்தை நீட்டும்போது நம் இந்திய ஊழியர்களிடமிருந்து தவறாமல் வரும் பதில், "நான்தான் சிண்டாவுக்குக் கொடுக்கிறேனே" என்பது. இரண்டும் ஒன்றல்ல. 1991-இல் அமைக்கப்பட்ட சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் இந்தியச் சமூகத்துக்கானது. பீட்டி சாலையில் இருக்கும் அதன் அலுவலகம் பலருக்கும் தெரியும், அதன் ஸ்டெப் துணைப்பாட வகுப்புகளில் படித்து வந்தவர்கள் நம் அலுவலகங்களிலேயே இருக்கிறார்கள். அதற்கான பிடித்தம் சம்பளத்தின் அளவுக்கேற்ப 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளி வரை மத்திய சேம நிதி வழியாகத் தானாகவே நடக்கும். வேண்டாம் என்பவர்தான் எழுதிக் கொடுத்து விலக வேண்டும். இந்தியத் துணைக்கண்டத்து மரபில் வந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும், எம்ப்ளாய்மென்ட் பாஸ் பெற்று வந்த நிபுணர்களுக்கும்கூட இது பொருந்துவதால், சென்னையிலிருந்து வந்து சேர்ந்த இளைஞர் ஒருவர் தம் முதல் சம்பளச் சீட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்து, "அண்ணே, யாரண்ணே இந்தச் சிண்டா?" என்று கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. ஷேர் திட்டமோ இனம் பார்ப்பதில்லை. நாமே எழுதிக் கொடுத்தால் ஒழிய அது நம்மை அணுகாது. முன்னது விலகாதவரை தொடரும். பின்னது சேராதவரை தொடங்காது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் இரண்டுக்கும் கொடுப்பதா, ஒன்றுக்கு மட்டுமா என்பதை அவரவர் அறிந்து முடிவு செய்யலாம்.

நான் அரசு வேலையில் சேர்ந்தது 2006-இல். ஷேர் படிவத்தில் கையெழுத்துப் போட்டது 2011-இல். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகள் ஏன் போடவில்லை என்பதற்குக் காரணம் கஞ்சத்தனம் மட்டுமல்ல. 2005 ஜூலையில் தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தின் கதை நீதிமன்றத்தில் வெளியானதை இந்த ஊரில் அப்போது இருந்தவர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நாளிதழ் மீது அந்நிறுவனம் தொடுத்த அவதூறு வழக்கின் விசாரணை இரண்டே நாளில் முடிந்துபோனது. தலைமை நிர்வாகியின் ஆண்டு வருமானம் 6 லட்சம் வெள்ளி அளவில் இருந்ததும், அவருடைய அறைக் குளியலிடத்தில் தங்க முலாம் பூசிய குழாய் இருந்ததும், கையிருப்பு இன்னும் சில ஆண்டுகளுக்கே தாங்கும் என்று மக்களிடம் தவறாகச் சொல்லப்பட்டதும் அம்பலமாயின. தொலைக்காட்சியில் கலைஞர்கள் உயிரைப் பணயம் வைத்துச் சாகசம் செய்வதைப் பார்த்து, நன்கொடை கொடுக்கத் தொலைபேசியின் எண்களை அழுத்திய குடும்பங்கள் அன்று எப்படி உணர்ந்தன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கானோர் தங்கள் மாதக் கொடையை நிறுத்தினார்கள். மாதக் கொடை என்ற சொல்லைக் கேட்டாலே அந்தக் குழாய்தான் என் கண்முன் வரும் நிலையில் நான் இருந்தேன்.

அதன் பிறகு நடந்தவற்றையும் பார்க்க வேண்டும். அந்த நிறுவனம் புதிய நிர்வாகத்தின்கீழ் மீண்டெழுந்தது. அறநிறுவனங்களுக்கான தனி மன்றம் 2007-இல் அமைந்தது. நிர்வாக நெறிமுறைகள் வந்தன. நிதி திரட்டும் செலவு திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதியும் நடைமுறையில் இருக்கிறது. என்னைப் போன்ற சந்தேகப் பேர்வழிகளுக்கு இவையெல்லாம் ஏட்டில் இருக்கும் ஆறுதல்கள். என்னை மாற்றியது ஓர் அக்கா.

அதைச் சொல்லும் முன், என்னை மாற்றாத முயற்சி ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் முதலில் வேலை பார்த்த அலுவலகம் ஒன்றில், காப்பி கலக்கும் அறையின் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தார்கள். எந்தப் பிரிவில் எத்தனை விழுக்காட்டினர் சேர்ந்திருக்கிறார்கள் என்பதை வண்ணக் கம்பங்களாகக் காட்டும் படம் அது. எங்கள் பிரிவில் எட்டுப் பேர். கம்பம் முக்கால்வாசியில் நின்றது. மைலோ கலக்கிக்கொண்டிருக்கும் எவருக்கும், விரலை மடக்கிப் பார்த்தால் சேராத அந்த இருவர் யார் என்று தெரிந்துவிடும். போதாக்குறைக்கு ஆண்டு மதிப்பீட்டுக்கான உரையாடல் நடக்கும் அதே வாரத்தில் மேலதிகாரியே படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, "கட்டாயமில்லை" என்று சொல்லிவிட்டு மேசை அருகிலேயே நின்றார். கட்டாயமில்லை என்பதை நின்றுகொண்டு சொல்லக்கூடாது. நான் எழுதவில்லை; இரண்டாமவர் 2 வெள்ளி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்று மாதத்தில் நிறுத்திக்கொண்டார். பொதுத்துறையில் படிநிலை என்பது காற்றைப் போல எங்கும் நிறைந்திருப்பது. அதைக் கொண்டு நன்கொடை கேட்டால் கிடைப்பது நன்கொடை போலத் தோற்றமளிக்கும் வேறொன்று.

அடுத்து நான் மாறிப்போன இடத்தில் ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த ஓர் அக்கா அந்தப் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். எல்லார் மேசையிலும் ஒரு படிவத்தையும் ஓர் உறையையும் வைத்தார். என்னிடம் வந்தபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தம்பி, எழுதினாலும் சரி, எழுதாட்டியும் சரி, உறையை ஒட்டி அந்தப் பெட்டியில போட்டுடுங்க. வெறும் தாளா இருந்தாலும் போடுங்க. எல்லாரும் போட்டாத்தான் யாரு எழுதலன்னு எனக்குத் தெரியாம இருக்கும்." பெட்டி திறக்கப்படாமல் நேரே மனிதவளப் பிரிவுக்குப் போனது. எந்த விழுக்காடும் எந்தச் சுவரிலும் ஏறவில்லை. அந்த ஆண்டு நான் வெறும் தாளைத்தான் போட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மாற்றமும் இல்லை, ஏனென்றால் அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அதற்கடுத்த ஆண்டு, யாரும் கேட்காத நிலையில், 10 வெள்ளி என்று எழுதினேன். சில சம்பள உயர்வுகளுக்குப் பிறகு அது 20 ஆனது.

இந்தச் சேவையின் பலம், சேர்ந்த பிறகு அதை மறந்துவிடலாம் என்பது. அதன் குறையும் அதுவே. சில ஆண்டுகளுக்கு முன் மே மாத இறுதியில் நான் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அமைப்புக்கு மாற்றலாகிப் போனேன். மறுஆண்டு ஏப்ரலில் வரிக் கணக்கைத் திறந்து பார்த்தபோது நன்கொடை என்ற இடத்தில் 240-க்குப் பதிலாக 100 வெள்ளி இருந்தது. மாற்றலோடு ஷேர் பிடித்தம் நின்றுபோயிருந்தது. பழைய இடத்தில் சொல்லவில்லை, புதிய இடத்தில் கேட்கவில்லை, பதினொரு மாதங்களாக நானும் பார்க்கவில்லை. மத்திய சேம நிதியும் சிண்டாவும் மட்டும் முதல் மாதத்திலேயே வழி தவறாமல் புதிய சீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தன. மனிதவளப் பிரிவில் விசாரித்தபோது, புதிய படிவம் எழுதித் தர வேண்டும் என்றார்கள். பொதுச் சேவையில் இடமாற்றம் என்பது மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வழக்கமான நிகழ்வு. ஒவ்வொரு மாற்றலிலும் இப்படிச் சத்தமில்லாமல் உதிர்ந்துபோகும் கொடைகள் எத்தனை இருக்கும் என்று யோசித்தபோது, புதியவர்களைச் சேர்க்க நடத்தும் கூட்டங்களில் பாதி நேரத்தை ஏற்கெனவே சேர்ந்தவர்களைத் தவறவிடாமல் இருப்பதற்குச் செலவிடலாமே என்று தோன்றியது. மாற்றலாகி வருபவர் நிரப்பும் படிவக் கட்டில் ஒரே ஒரு தாளைக் கூடுதலாக வைத்தால் போதும்.

மறதியின் இன்னொரு விளைவு, பணம் எங்கே போகிறது என்று நாம் பார்ப்பதே இல்லை என்பது. எங்கள் பிரிவினர் ஒருமுறை தொண்டூழியத்துக்காக, அறிவுத்திறன் குறைபாடுள்ள பெரியவர்கள் வேலை பழகும் பட்டறை ஒன்றுக்குப் போனோம். என்னை உட்கார வைத்த மேசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அட்டைப் பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தார். பத்துப் பெட்டி ஆனதும் கம்பியில் கோத்த மணிகளில் ஒன்றை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளுவார். எண்ணத் தெரியாதவருக்கு அதுவே கணக்கு. நானும் ஒரு பெட்டியை மடித்து அவர் அடுக்கின்மேல் வைத்தேன். அவர் அதை எடுத்து, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் முழுவதுமாகப் பிரித்து, மீண்டும் ஒழுங்காக மடித்து வைத்தார். இரண்டாவது பெட்டிக்கும் அதே கதி. மூன்றாவதை அவர் பிரிக்கவில்லை. அன்று முழுவதும் அலுவலகத்தில் எனக்குக் கிடைத்திருக்கக்கூடிய எந்தப் பாராட்டையும்விட அது எனக்குப் பெரிதாக இருந்தது. அடிப்பக்கத்தின் மடிப்பு வரிசையை மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுக்க நான்கு மாதம் ஆனது என்று பயிற்றுநர் சொன்னார். நான்கு மாதம் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டுமானால் அவருக்கு நான்கு மாதமும் சம்பளம் வர வேண்டும். ஷேர் என்ற அந்த மூன்றாவது வரியின் பொருள் எனக்கு அங்கேதான் விளங்கியது. ஊழியர்களுக்குக் காட்டப்படும் பளபளப்பான காணொளிகளில் இது விளங்காது. ஆண்டுக்கு ஒருமுறையாவது இப்படி ஓரிடத்துக்கு அழைத்துப் போவதை ஒவ்வோர் அலுவலகமும் வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

நட்சத்திரம் கேட்பவர்களுக்காக: ஐந்துக்கு நான்கு தருகிறேன். வரிக் கணக்கிலும், காசு குறையாமல் போய்ச் சேர்வதிலும், தொகையை நாமே முடிவு செய்யும் உரிமையிலும் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பிடித்துக்கொண்ட ஒரு நட்சத்திரம் திட்டத்துக்கு உரியதல்ல, அதை அலுவலகங்களில் நடத்தும் விதத்துக்கு உரியது. சேர யோசிப்பவர்களுக்கு என் யோசனை, காப்பிக் காசு என்று சிறிதாகவே தொடங்குங்கள். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் துணைப்பாடக் கட்டணமும் நெருக்கும் ஆண்டில் நிறுத்திக்கொள்ளவும் தயங்காதீர்கள். சேர்ந்திருப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள்தான்: இன்றைக்கே சம்பளச் சீட்டைத் திறந்து அந்த வரி இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் பிரிவில் இந்த ஆண்டு படிவம் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. உறைகள் வாங்கியாகிவிட்டது. பெட்டிக்குப் பூட்டு வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். சாவியை மனிதவளப் பிரிவில் கொடுத்துவிடுவேன்.